உறுப்பினர் அலுவலகமும் நம் விண்ணப்பமும்



சொந்த ஊரில் வாழ்பவனுக்கு அரசாங்கம் என்பது முகம் தெரிந்த ஒன்று. கிராம நிர்வாக அலுவலரை அவன் கடைத்தெருவில் காண்பான். தாலுகா அலுவலகத்து எழுத்தர் அவன் தம்பியோடு பள்ளியிற் படித்தவராக இருப்பார். ஒரு சான்றிதழ் தாமதமானால் யாரை, எந்த வேளையில், எப்படிக் கேட்பதென்பது அவனுக்குத் தெரியும். பிழைப்பு நாடி மும்பைக்கோ, ஆமதாபாத்துக்கோ, தில்லிக்கோ வந்து குடியேறியவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் அறிந்த அரசாங்கம் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் வேற்றுமொழி. அம்மொழியில் அவன் முதலில் கற்றுக்கொள்ளும் வாக்கியம் "நாளை வா" என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது.

இந்நிலையில் அண்டை வீட்டார் ஒருவர், "எம்.பி.யைப் பாருங்கள், நடந்துவிடும்" என்பார். இன்னொருவர், "அதெல்லாம் வீண் அலைச்சல்" என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இருவர் சொல்வதும் முழு உண்மை ஆகாது. பாராளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்கள் நமக்கு எவ்வகையில் உதவக்கூடும், எவ்வகையில் உதவ இயலாது என்பதைச் சற்று விரிவாகக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். நம் அரசியலமைப்பு உறுப்பினர்க்குச் சட்டம் இயற்றும் உரிமையைத் தந்திருக்கிறது. வரவு செலவை ஒப்பும் உரிமையைத் தந்திருக்கிறது. அமைச்சரை அவையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. ஓர் அலுவலகத்தின் கடைசிக் குமாஸ்தாவுக்கு 'இதைச் செய்' என்று உத்தரவிடும் அதிகாரத்தை அவருக்கு எங்கும் தரவில்லை. அப்படியானால் அவருடைய கடிதம் எதனாற் பயன்படுகிறது? மத்திய அரசின் அலுவலக நடைமுறை விதிகளில் இதற்கு விடை இருக்கிறது. பாராளுமன்ற உறுப்பினரிடமிருந்து வரும் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு 15 நாட்களுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும்; அதன்பின் மேலும் 15 நாட்களுக்குள் விடை அனுப்ப வேண்டும். அமைச்சர் பெயருக்கு எழுதப்பட்ட கடிதத்துக்கு அமைச்சரே கையொப்பமிட்டு விடை தருவது முறை. ஆகவே நம் மனு தபாற் கட்டில் நூற்றில் ஒன்றாகக் கிடக்க, உறுப்பினரின் கடிதம் தனிப் பதிவேட்டில் ஏறி, மேலதிகாரியின் கண்ணில் படுகிறது. அக்கடிதத்தின் மந்திரம் இவ்வளவே. விடை வரவேண்டும் என்பதே விதி. சாதகமான விடை வரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இவ்வேறுபாட்டை உணராதவரே பெரிதும் ஏமாற்றமடைகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மும்பையில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி; திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஆலைகளில் 1982ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய பெரு வேலைநிறுத்தத்திற்குப் பின்னர் அங்கே ஆலைகள் பல ஒவ்வொன்றாய் மூடப்பட்ட கதை நேயர்கள் அறிந்ததே. நம் தொழிலாளி பின்னர் வேறொரு சிறு தொழிற்சாலையிற் பல்லாண்டு உழைத்தார். அங்கு அவருக்கு வருங்கால வைப்பு நிதி, அதாவது மக்கள் 'பி.எஃப்.' என்று சொல்லும் நிதி, பிடிக்கப்பட்டது. அவர் காலமான பின் அவர் மனைவி குடும்ப ஓய்வூதியம் கோரி விண்ணப்பிக்கிறார். விண்ணப்பம் திரும்பி வருகிறது. காரணம் ஒரே வரி: பெயர் பொருந்தவில்லை.

வெளிமாநிலத் தமிழருக்கு இந்தப் பெயர்ச் சிக்கல் ஒரு தனிப் பெருநோய் என்றே சொல்லலாம். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். தன் பெயர் பின்னே நிற்கும். சுப்பையா மகன் பழனி என்றால் சு. பழனி. தொழிற்சாலைக் கணக்கர் மராட்டியர். அவர் வழக்கப்படி அவரை 'பழனி சுப்பையா' என்று எழுதினார். வங்கியிற் படிவத்தை நிரப்பியவர் 'சுப்பையா பழனி' என்றார். ஆதாரில் 'பழனி எஸ்' என்று மட்டும் இருக்கிறது. இவற்றோடு நம் சிறப்பு ழகரம் வேறு! ஆங்கில எழுத்தில் ஓர் ஏட்டில் அது 'எல்' ஆகிறது. இன்னோர் ஏட்டில் 'இஸட்-எச்' ஆகிறது. ஒரே மனிதர் நான்கு ஏடுகளில் நான்கு மனிதராகி நிற்கிறார். உயிரோடு இருந்தவரை இதனால் அவருக்குத் தொல்லை இல்லை. இறந்தபின் அவர் மனைவிதான் நால்வரும் ஒருவரே என்று நிரூபித்தாக வேண்டும்.

குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. தொகை பெரிதன்று என்று நமக்குத் தோன்றலாம். வாடகை அறையில் தனித்திருக்கும் மூதாட்டிக்கு அது அரிசியும் மருந்தும் ஆகும். அதனோடு வைப்பு நிதியில் சேர்ந்த பணமும், பணியிலிருக்கையில் இறந்தவராயின் காப்பீட்டுத் தொகையும் அதே பெயர்ச் சிக்கலிற் சிக்கி நிற்கும் என்பதையும் எண்ண வேண்டும்.

இப்போது அவ்வம்மையார் செய்யத்தக்கது யாது? நேரே எம்.பி.யின் வீட்டுக்குப் போவதா? அன்று. முதலில் அவ்வலுவலகம் கேட்கும் திருத்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து செய்யும் கூட்டு உறுதிமொழி என்று அதற்குப் பெயர். தொழிலாளி இறந்திருப்பின் வாரிசு கொடுக்கலாம். கொடுத்ததற்கு ஒப்புகை பெற வேண்டும். பின்னர் மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர் இணையத்தளத்தில் முறையீட்டைப் பதிய வேண்டும். அத்தளத்தில் வரும் முறையீடுகளை 21 நாட்களுக்குள் முடிக்க வேண்டுமென 2024ஆம் ஆண்டில் காலவரை குறைக்கப்பட்டுள்ளது. இவ்வளவும் செய்து, நாட்கள் கழிந்து, விடையின்றிப் போனாலோ, பொருந்தாத விடை வந்தாலோ, அப்போதுதான் உறுப்பினரின் அலுவலகப் படியேற வேண்டும். ஏனெனில் அங்கு இருக்கும் உதவியாளர் கேட்கும் முதற் கேள்வி, "அம்மா, அங்கே மனுக் கொடுத்தீர்களா? எண் என்ன?" என்பதுதான். எண் இல்லாத மனுவைப் பற்றி அவர் என்னவென்று எழுதுவார்?

உதவியாளரை நான் வேண்டுமென்றே குறிப்பிடுகிறேன். 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது நாட்டில் வாக்காளர் தொகை 96 கோடியைக் கடந்தது. லோக் சபைத் தொகுதிகள் 543. ஓர் உறுப்பினருக்குச் சராசரி 18 லட்சம் வாக்காளர் என்றாகிறது. அத்தனை பேருடைய கடிதங்களையும் உறுப்பினர் தாமே படிப்பார் என்று எதிர்பார்க்கலாகாது. படித்துப் பிரித்து, எந்த இலாகாவுக்கு எழுதுவதெனத் தீர்மானிப்பவர் அவருடைய தனிச் செயலரோ உதவியாளரோ ஆவர். சிலர் இவர்களைப் பொருட்படுத்தாமல், "நான் எம்.பி.யைத்தான் பார்ப்பேன்" என்று பிடிவாதம் பிடித்துக் காலை முதல் மாலை வரை திண்ணையில் அமர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாலையில் எம்.பி. வந்ததும் அம்மனுவை வாங்கி அதே உதவியாளரிடம் கொடுத்துவிட்டு உள்ளே செல்வார்.

மனு எப்படி இருக்க வேண்டும்? ஒரு பக்கத்துக்கு மிகலாகாது. நம்மவர்க்கு மனு எழுதும்போது கண்ணீர் பெருகுகிறது. 'ஏழைகளின் தெய்வமே' என்று தொடங்கி மூன்று பக்கம் சென்றபின்னும் எந்த அலுவலகம், எந்த நாள் என்ற செய்தி வருவதில்லை. அவ்வம்மையார் எழுத வேண்டுவது ஏறக்குறைய இவ்வாறு இருக்கலாம்: "என் கணவர் இன்ன தொழிற்சாலையில் பணிபுரிந்தார், அவருடைய வைப்பு நிதிக் கணக்கு எண் இது. இன்ன நாளிற் காலமானார். குடும்ப ஓய்வூதியம் கோரி இன்ன நாளில் விண்ணப்பித்தேன். பெயர் வேறுபாடு காரணமாக இன்ன நாளில் அது திருப்பப்பட்டது. இன்ன நாளில் திருத்தப் படிவமும் ஆதாரங்களும் கொடுத்தேன்; ஒப்புகையின் நகல் இணைத்துள்ளேன். இன்றுவரை விடை இல்லை. என் திருத்த விண்ணப்பத்தின்மேல் முடிவெடுத்து எனக்குத் தெரிவிக்குமாறு அவ்வலுவலகத்துக்கு எழுதியுதவ வேண்டுகிறேன்." இவ்வளவு போதும். கடைசி வாக்கியத்தை மட்டும் கவனியுங்கள். 'ஓய்வூதியம் வாங்கித் தருக' என்று அதில் இல்லை. 'முடிவெடுக்கச் சொல்க' என்றே இருக்கிறது. உறுப்பினர் தயக்கமின்றி எழுதத்தக்க வேண்டுகோள் அதுவே.

மூல ஆவணங்களை எவரிடமும் கொடுக்க வேண்டா. நகல்களே போதும். ஆதார் நகல் இணைப்பதாயின் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி அமைந்த நகல் கிடைக்கிறது, அதையே பயன்படுத்தலாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் மனுக் கொடுத்தால் தில்லியிலோ மும்பையிலோ வாங்கமாட்டார்கள் என்ற அச்சம் நம்மிடையே உண்டு. அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு, ஒருவர் தம் குறையைத் தீர்க்கக் கோரி மத்திய அரசின் அதிகாரிக்கோ மாநில அரசின் அதிகாரிக்கோ, அந்தந்த அரசின் எல்லைக்குள் வழங்கும் மொழிகளில் எதிலும் விண்ணப்பிக்கலாம் என்று உரிமை தந்திருக்கிறது. ஆகவே மத்திய அரசின் அலுவலகம் எதுவும் தமிழ் மனுவை 'மொழி புரியாது' என்று தள்ள இயலாது. மொழிச் சிறுபான்மையினர்க்கெனத் தனி அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டுமென்ற 350-பி பிரிவும் 1956ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. உரிமை அவ்வாறிருக்க, உலக நடைமுறை வேறு. மொழிபெயர்ப்புக்கு அனுப்பப்பட்ட காகிதம் எப்போது திரும்பும் என்று யாரால் சொல்ல முடியும்? தமிழ் மனுவோடு ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அம்மாநில மொழியிலோ ஒரு பக்கச் சுருக்கம் இணைப்பதே விவேகம். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946ஆம் ஆண்டிலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950ஆம் ஆண்டிலும் தோன்றியவை. இவைபோன்ற சங்கங்கள் பல நகரங்களில் இருக்கின்றன. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நம் சங்கங்கள், வாரம் ஒரு மாலை, இருமொழி அறிந்த இளைஞர் இருவரை அமர்த்தி மனு எழுதிக் கொடுக்கச் செய்தால் அது பட்டிமன்றத்துக்கு எவ்வகையிலும் குறைந்த தமிழ்ப்பணி ஆகாது என்பது என் கருத்து.

அடுத்து, எந்த உறுப்பினரிடம் போவது என்ற கேள்வி. இதில்தான் நம்மவர் மிகுதியாகத் தடுமாறுகின்றனர். மும்பையில் ரேஷன் அட்டை கிடைக்கவில்லையென்று தூத்துக்குடி எம்.பி.க்கு எழுதுவோர் உண்டு. அவர் அன்புடையவராயின் ஒரு கடிதம் எழுதுவார். அஃது ஊர் சுற்றி வந்து சேரும்போது ஆண்டு மாறியிருக்கும். ரயில்வே, தபால், பாஸ்போர்ட், வருமான வரி, வைப்பு நிதி ஆகியவை மத்திய அரசைச் சார்ந்தவை. இவற்றுக்கு நாம் குடியிருக்கும் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். போலீசு, வருவாய்த்துறை, உணவுப் பங்கீடு போன்றவை மாநில அரசைச் சார்ந்தவை. இவற்றுக்கு அங்குள்ள சட்டமன்ற உறுப்பினர். குழாய்த் தண்ணீர், சாக்கடை முதலியவற்றுக்கு நகராட்சி உறுப்பினர். பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்திலேயே பதியப்பட வேண்டுமென்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே புனேயிற் பிறந்த பிள்ளையின் சான்றிதழுக்குப் புனே நகராட்சியைத்தான் அணுக வேண்டும், பாட்டன் ஊர்ப் பஞ்சாயத்தை அன்று. ஊரிலுள்ள நிலத்துப் பட்டா, ஊரில் வழங்கிய சாதிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு மட்டும் தமிழ்நாட்டு உறுப்பினரிடம் செல்வது பொருந்தும்.

உணவுப் பங்கீட்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் குடும்ப அட்டையை நாட்டின் எப்பகுதியிலும் காட்டித் தானியம் பெறும் திட்டம் 2019ஆம் ஆண்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2022ஆம் ஆண்டிற்குள் எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. எனவே ஊர் அட்டையை ஒப்படைத்துவிட்டுப் புது அட்டைக்கு அலையும் முன், தம் அட்டை அச்சட்டத்தின் கீழ் வருகிறதா என்பதை ஊரில் கேட்டறிவது நலம். தமிழ்நாட்டில் வழங்கும் அட்டைகள் எல்லாமே அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல.

ராஜ்ய சபை உறுப்பினரைப் பலர் நினைப்பதில்லை. அவருக்குத் தொகுதி இல்லை. மாநிலம் முழுவதுமே அவர் களம். தமிழ்நாட்டிலிருந்து 18 பேர் அச்சபையில் இருக்கின்றனர். உறுப்பினர் தாம் தேர்ந்தெடுக்கப்படும் மாநிலத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டுமென்ற நிபந்தனை 2003ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன்பின் தமிழர் சிலர் பிற மாநிலங்களின் சார்பில் அச்சபையில் அமர்ந்துள்ளனர். ஆயினும், உறுப்பினர் தமிழராயிருந்தால்தான் தமிழர் குறை தீரும் என்று எண்ணுவது தவறு. நம் குறையைத் தீர்ப்பது அலுவலகத்தின் கடமை. அதை நினைவூட்ட மராட்டியருக்கும் குஜராத்தியருக்கும் அதே உரிமை உண்டு. உள்ளூர் உறுப்பினருக்கு நம்மீது கருத்திருக்க வேண்டுமென்றால் அவ்வூர் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்க வேண்டும். பலர் இருபது ஆண்டுகள் வெளியூரில் வாழ்ந்தும் வாக்கை ஊரிலேயே வைத்திருக்கின்றனர். இரண்டு இடங்களில் பதிவு செய்யச் சட்டம் இடந்தராது. குடிமாறியவர் 8ஆம் எண் படிவத்தின் வாயிலாகப் பெயரைப் புது முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம். வாக்கில்லாதவரின் மனுவை வாங்கக்கூடாதென எந்த விதியும் இல்லை. ஆனால் உதவியாளரும் மனிதர்தாமே!

உறுப்பினரின் கடிதத்தைக் காட்டிலும் அவருடைய சான்றொப்பம் பயன்படும் இடங்கள் சில உண்டு; இவற்றைப் பலர் அறியார். வாடகைச் சீட்டு இல்லாமல், மின்கட்டணச் சீட்டு வீட்டுக்காரர் பெயரில் இருக்க, குடிசையில் வாழ்பவர் ஆதாரில் முகவரியை மாற்ற இயலாது திகைக்கிறார். ஆதார் ஆணையம் வகுத்த சான்றுப் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் நிழற்படம் ஒட்டி, பாராளுமன்ற உறுப்பினரோ, சட்டமன்ற உறுப்பினரோ, நகராட்சி உறுப்பினரோ கையொப்பமிட்டால் அது முகவரிச் சான்றாகக் கொள்ளப்படும். அவ்வாறே, மூடிப்போன தொழிற்சாலைத் தொழிலாளி வைப்பு நிதிக்கு விண்ணப்பிக்கையில், முதலாளியின் கையொப்பத்துக்கு எங்கே போவார்? அவ்விடத்தில் சான்றொப்பமிடத் தக்கவராக மாஜிஸ்திரேட்டு, கெஜட்டுப் பதிவு பெற்ற அதிகாரி, போஸ்ட்மாஸ்டர், வங்கி மானேஜர் ஆகியோரோடு பாராளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளனர்.

இனி, கேட்கத் தகாதவை. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைப் பற்றி உறுப்பினரை எழுதச் சொல்வது தகாது. எழுதினாலும் கெடுதலே விளையும். தேர்வு மதிப்பெண், வேலைக்கான தேர்வுப் பட்டியல், போலீசு விசாரணையின் முடிவு ஆகியவையும் அவ்வகையின. ஒரு காலத்தில் தொலைபேசி இணைப்பு, சமையல் எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் எம்.பி.க்களுக்கென ஒதுக்கீடு இருந்தது, அக்காலம் போயிற்று. கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்க எம்.பி.க்களுக்கு இருந்த ஒதுக்கீடும் 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இன்றும் ஜூன் மாதத்தில் அதற்காக அலைவோர் உண்டு. தொகுதி வளர்ச்சிக்கென ஓர் எம்.பி.க்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி ரூபாய் என்று கேள்விப்பட்டு, அதிலிருந்து மகள் திருமணத்துக்கு உதவி கேட்போரும் உண்டு. 1993ஆம் ஆண்டில் ஏற்பட்ட அத்திட்டத்தின் பணம் உறுப்பினர் கைக்கு வருவதன்று. பொதுமக்களுக்குப் பயன்படும் கட்டடம், குடிநீர் போன்ற பணிகளை அவர் பரிந்துரைப்பார். மாவட்ட அதிகாரிகள் நிறைவேற்றுவர். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உதவி வேண்டுவோர், 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்கலாம்; அவ்விண்ணப்பத்தோடு உறுப்பினரின் கடிதம் இணைக்கும் வழக்கம் உண்டு.

நேயர்களிற் பலர் மத்திய அரசு ஊழியராக இருப்பீர்கள். உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் மாறுதல், பதவி உயர்வு போன்ற பணி சார்ந்த காரியங்களுக்காக எந்த உறுப்பினரையும் நாடலாகாது. மத்திய சிவில் பணியாளர் நடத்தை விதிகள், 1964, அவற்றுள் 20ஆவது விதி, மேலதிகாரியின்மீது அரசியற் செல்வாக்கையோ பிற வெளிச் செல்வாக்கையோ கொண்டுவருவதைத் தடை செய்கிறது. ரயில்வே ஊழியருக்கும் இவ்வாறே விதி உண்டு. "நான் எழுதவில்லை, என் மனைவி எழுதினாள்" என்ற சமாதானமும் செல்லாது. சென்னைக்கு மாறுதல் கேட்டு எம்.பி.யின் கடிதம் கொண்டு சென்றவர், மாறுதலுக்குப் பதிலாக விளக்கம் கேட்கும் ஓலையைப் பெறக்கூடும். ஆனால் அதே ஊழியர் தம் வீட்டு மின்னிணைப்புக்கோ, மகனின் பாஸ்போர்ட்டுக்கோ மற்றக் குடிமக்களைப்போல உறுப்பினரை அணுகலாம், அதற்குத் தடையில்லை.

குறைகளில் இருவகை உண்டு. செய்ய வேண்டியதை அலுவலகம் செய்யாதிருப்பது ஒருவகை. அதற்குக் கடிதம் உதவும். சட்டமே இடந்தராதிருப்பது மற்றொரு வகை. அதற்கு நூறு கடிதங்களும் உதவா. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து மராட்டியத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அம்மாநில அரசு தரும் ஒதுக்கீட்டை அவர் கோர முடியாது. சொந்த மாநிலத்தில் உள்ள அந்தத் தகுதி பிற மாநிலத்துக்கு உடன்வாராது என்று உச்சநீதிமன்றம் 1990ஆம் ஆண்டில், மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றைப் பற்றிய வழக்கில், தீர்ப்பளித்தது. தாராவியிலே பிறந்து, அங்கேயே படித்து, மராட்டியைத் தாய்மொழிபோலப் பேசும் பிள்ளைக்கு இது எவ்வளவு கசப்பானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மத்திய அரசின் வேலைகளுக்கும் கல்விக்கும் அத்தகுதி பயன்படும். அதற்கெனத் தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டி, குடியிருக்கும் மாநில அதிகாரியிடமே சான்றிதழ் பெற வழி உண்டு. அதைத் தர மறுத்தாலோ தாமதித்தாலோ உறுப்பினரிடம் தாராளமாகப் போகலாம். ஆனால் மாநில ஒதுக்கீட்டுக் கதவைத் திறக்க வேண்டுமானால் பட்டியல் மாற வேண்டும். 341ஆவது பிரிவின்படி அதனை மாற்றும் உரிமை பாராளுமன்றத்துக்கே உரியது. இங்கே உறுப்பினர் கடிதம் எழுதுபவராக அல்லாமல் சட்டம் இயற்றுபவராகத் தேவைப்படுகிறார். தனி மனுவாக அல்லாமல் ஊர் கூடிய கோரிக்கையாகவே இது செல்ல வேண்டும்.

பலருக்கும் பொதுவான குறையை அவைக்குக் கொண்டுசெல்லும் வழிகள் சில இருக்கின்றன. லோக் சபையில் ஒரு நாளைக்கு வாய்மொழி விடைக்கு 20 கேள்விகளும், எழுத்து விடைக்கு 230 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்படும். ஒரு பேட்டையில் இத்தனை பேருடைய ஓய்வூதியம் ஏன் நிற்கிறது என்று ஒரு கேள்வி பட்டியலில் ஏறினால், விடை எழுதுவதற்காகவேனும் கோப்புகள் மேசைக்கு வரும். மனுக்கள் குழு என ஒன்றும் இருக்கிறது. 1924ஆம் ஆண்டிலேயே தோன்றிய பழைய குழு அது. லோக் சபையில் 15 உறுப்பினர், ராஜ்ய சபையில் 10 உறுப்பினர். லோக் சபைக்கு முறைப்படி அளிக்கும் மனுவில் உறுப்பினர் ஒருவரின் கையொப்பம் வேண்டும். மனு தமிழில் இருக்கலாம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்ப்பை, மனுதாரர் கையொப்பத்தோடு, இணைக்க வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயமாக இருத்தல் கூடாது. இவ்வழி மெதுவானது, ஒருவர் வீட்டு அவசரத்துக்கு ஆகாது.

கூட்டமுள்ள எந்த வாயிலிலும் தரகர் இருப்பார். "எம்.பி. கடிதத்துக்கு இவ்வளவு, கையொப்பத்துக்கு இவ்வளவு" என்று அவர் கணக்குச் சொல்வார், மொழி தெரியாத நம்மவரிடம் தமிழிலேயே சொல்வார் என்பதுதான் வேதனை. உறுப்பினரின் கடிதத்துக்குக் கட்டணம் கிடையாது. அதிகாரியைத் தம் செல்வாக்கால் முறைகேடாக இணங்கச் செய்வதாகச் சொல்லிப் பணம் பெறுபவர் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரியவர். அலுவலகத்தில் நேரே மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரையும் நாளும் இட்டு வாங்கிக்கொள்வது நம் உரிமை.

கடிதம் போய், நாட்கள் சென்று, விடை வருகிறது. அவ்விடை உறுப்பினருக்கு வரும். அவர் அலுவலகம் அதன் நகலை நமக்கு அனுப்பும். அனுப்பாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். விடை பாதகமாயிருந்தாலும் அதை எறிந்துவிடலாகாது. நம் எடுத்துக்காட்டில் வந்த அம்மையாருக்கு, 'இன்ன ஆவணம் இல்லாமையால் திருத்தம் ஏற்கப்படவில்லை' என்று விடை வந்ததெனக் கொள்வோம். அதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது 'பெயர் பொருந்தவில்லை' என்பது மட்டுமே. இப்போது எந்தத் தாள் குறைகிறது என்பது, கையொப்பமிட்ட அதிகாரியின் பெயரோடு, எழுத்தில் இருக்கிறது. அந்தத் தாளைத் தேடிக் கொடுக்கலாம்; மேல்முறையீடு செய்வதானாலும் அதுவே ஆதாரம். ஓய்வூதியம் அனுமதிக்கப்பட்டபின் அவர் ஊர் திரும்ப விரும்பினால் அதற்கும் இடர் இல்லை. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் அவ்வோய்வூதியத்தை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெறலாம்.

விடையில் 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் இருந்தால் ஒரு மாதம் பொறுத்து, தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005, அதன்படி 10 ரூபாய் கட்டணத்தோடு, "என் விண்ணப்பம் எந்நாளில் எந்த அதிகாரியிடம் சென்றது, இப்போது யாரிடம் இருக்கிறது" என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். அவ்விடையையும் எடுத்துக்கொண்டு உறுப்பினரின் உதவியாளரை மறுமுறை காணலாம். அப்போது புதிய மனு எழுத வேண்டா. முன்னர் அவர்கள் அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் நாளையும் ஒரு சிறு தாளிற் குறித்துக்கொண்டு சென்றாற் போதும்.